கவர் ஆல்பம்னா என்ன, தமிழ்ல அதை எப்படி சொல்றது?

ஒருத்தர் ஏற்கனவே பாடி வெளிவந்த பாட்டை இன்னொருத்தர் தன் குரல்ல பாடி ரெகார்ட் பண்ணி வெளியிட்டா அது கவர். கவர் சாங், கவர் வெர்ஷன்னு சொல்றதும் இதைத்தான், ஆல்பம் முழுக்க அப்படி இருந்தா கவர் ஆல்பம். அர்த்தம் இவ்வளவுதான். ஆனா இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுனு பாத்தா, 2022ல அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'ஒன்லி தி ஸ்ட்ராங் சர்வைவ்'னு ஒரு கவர் ஆல்பம் வெளியிட்டப்போ இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ராக் கேக்குற எங்க கூட்டம் ஏன் ரெண்டு கட்சியா பிரிஞ்சுதுனு நல்லா புரியும்.

லத்தீன்ல கோஓபெரீரேனு ஒரு வினைச்சொல், முழுசா மூடுறதுனு பொருள், அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து கவர் ஆச்சு. பாட்டு வியாபாரத்துக்குள்ள இது எப்படி நுழைஞ்சுதுன்னா, 1940கள் 1950கள்ல அமெரிக்காவுல ஒரு கம்பெனி ரெகார்ட் நல்லா விக்கப்போகுதுனு தெரிஞ்சா போட்டி கம்பெனி உடனே அதே பாட்டை தன்னோட பாடகரை வச்சு ரெகார்ட் பண்ணி கடைக்கு அனுப்பும், அந்த வேலைக்குத்தான் கவர் பண்றதுனு பேரு. அதாவது பழைய பாட்டுக்கு மரியாதை செய்றதுங்குற எண்ணமே அப்போ கிடையாது, சந்தையில பங்கு பிடிக்கிறதுதான். அதுலயும் இனம் பாத்து ரேடியோவும் ரெகார்ட் கடையும் பிரிஞ்சு கிடந்த காலம் அது, அது என்னனு தென்னாப்பிரிக்காவுல பொறந்த நமக்கு யாரும் விளக்க வேண்டாம். 1955ல ஃபேட்ஸ் டாமினோ பாடுன 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாட்டை அதே வருஷம் பேட் பூன்ங்குற வெள்ளைக்கார பாடகர் பாடி பாப் பட்டியல்ல முதல் இடத்துக்கே போயிட்டாரு. கருப்பு பாடகர் பாட்டை வெள்ளை குரல் மூடிடுச்சு. மூடுறதுங்குற அர்த்தம் அங்க அப்படியே பொருந்துது.

அப்புறம் பொருள் மாறிப்போச்சு. ராக் பாடகர்கள் தாங்களே எழுதி பாட ஆரம்பிச்ச பிறகு அடுத்தவர் பாட்டை பாடுறது தனியா கவனிக்க வேண்டிய விஷயமாச்சு, வியாபாரப் போட்டிங்குற அர்த்தம் தேஞ்சு, தனக்குப் பிடிச்சவங்களுக்கு செய்ற வணக்கம்னு ஆச்சு. டேவிட் போவி 1973ல 'பின் அப்ஸ்' போட்டாரு, ஜான் லெனன் 1975ல 'ராக் அண்ட் ரோல்' போட்டாரு, கன்ஸ் அண்ட் ரோசஸ் 1993ல 'தி ஸ்பகெட்டி இன்சிடென்ட்?' போட்டாங்க, எல்லாமே தாங்க கேட்டு வளந்த பாட்டுங்கதான். ஆனா பழைய அர்த்தத்தோட வாசனை வார்த்தைக்குள்ள இன்னும் இருக்கு, கவர் ஆல்பம்னு கேட்டதும் சிலருக்கு "சொந்தமா எழுத ஒண்ணும் இல்லையா"னு தோணுறது அதனாலதான்.

ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பத்துல 15 பாட்டு, எல்லாமே பழைய சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுங்க. தயாரிப்பாளர் ரான் அனியெல்லோ பெரும்பாலான வாத்தியத்தை தானே வாசிச்சாரு, ஸ்பிரிங்ஸ்டீன் வேலை பெரும்பாலும் பாடுறதுதான், சும்மா பாடுற ஆல்பம் ஒண்ணு செய்யணும்ங்குற ஆசையிலதான் செஞ்சேன்னு அவரே சொன்னாரு. எங்க மாமா ஒருத்தர் 80கள்லேர்ந்து அவர் ரசிகர், 1985ல 'சன் சிட்டி' பாட்டுல நிறவெறிக்கு எதிரா குரல் கொடுத்தவங்கள்ல ஸ்பிரிங்ஸ்டீனும் ஒருத்தர்ங்குறதால அவர் மேல மாமாவுக்கு தனி மரியாதை. அவரு சொன்னது: எழுபது வயசு தாண்டியும் குரல் இப்படி நிக்குது, அந்த மனுஷன் சந்தோஷமா பாடுறது காதுலயே தெரியுது, வேற என்னடா வேணும். அவர் பையன் கட்சி வேற. எல்லாம் ஒரிஜினல் மாதிரியே இருக்கு, அதே ஸ்ட்ரிங்ஸ் அதே கோரஸ், காசு செலவு பண்ணின கரோக்கே, ஒரிஜினலையே கேட்டுட்டுப் போயிடலாமே அப்பா, அப்படின்னான். ரெண்டு பேரும் சொன்னது சரிதான். ஒருத்தர் பாடுனவரை கேட்டாரு, இன்னொருத்தன் பாட்டு எங்க போச்சுனு கேட்டான், ரெண்டு கேள்விக்கும் கவர்ங்குற ஒரே வார்த்தைதான் அவங்க கையில இருந்துச்சு.

தமிழ்லயே கவர்னு ஒரு சொல் தனியா இருக்கு, அதுக்கும் இங்கிலீஷ் கவருக்கும் சம்பந்தம் இல்ல, ஒலி ஒத்துப்போனதோட சரி. ஆனா பொருளைப் பாருங்க. கவர்னா பறிச்சுக்கிறது, "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று"னு குறள்ல வர்றது அந்தப் பொருள்தான். மனசை இழுக்கிறதும் கவர்றதுதான், கவர்ச்சி அதுலேர்ந்து வந்தது. கிளையா பிரியிறதுக்கும் கவர்னு பேரு, ரெண்டா பிரியிற வழி கவர்வழி. பறிச்ச பாட்டும் உண்டு, மனசை இழுத்த பாட்டும் உண்டு, ஒரே அடியிலேர்ந்து கிளை பிரிஞ்ச பாட்டும் உண்டு.

பறிச்சதுக்கு நம்ம மாகாணத்துலயே சாட்சி இருக்கு. இங்க நேட்டால்ல ம்சிங்கா பக்கம் பொறந்த சாலமன் லிண்டா 1939ல ஜோகன்னஸ்பர்க்ல காலோ கம்பெனிக்காக 'ம்புபே' பாட்டை பாடினாரு, ஜூலுல ம்புபேன்னா சிங்கம். உரிமையை 10 ஷில்லிங்குக்கு வித்துட்டாரு. அந்த ரெகார்ட் அமெரிக்காவுக்குப் போயி அங்க நாட்டுப்புறப் பாட்டு பாடுற பீட் சீகர் காதுல விழுந்து, 'உயிம்புபே'ங்குறது அவருக்கு 'விமோவே'னு கேட்டு, அவரோட வீவர்ஸ் குழு அப்படியே பாடி, 1961ல டோக்கன்ஸ் குழு புது இங்கிலீஷ் வரி சேத்து 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'னு பாடி உலகம் பூரா போச்சு. லிண்டா 1962ல கையில காசில்லாம செத்தாரு. அவர் குடும்பத்துக்காக நடந்த வழக்கு சமரசமாகி அவங்களுக்குப் பங்கு கிடைக்க 2006 ஆச்சு. இதையும் கவர்னு சொல்லி, ஸ்பிரிங்ஸ்டீன் பேர் சொல்லி உரிமைத்தொகை கொடுத்து பாடுறதையும் கவர்னு சொன்னா மனசு ஒப்பலை.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம். நகல் பாட்டுனு சிலர் சொல்றாங்க, அது தப்பு, நகல்னா அச்சு அசல் காப்பி, பாடுறவரை அவமானப்படுத்துற சொல். மறுபதிப்பு புத்தகத்துக்கு ஆகும். மீளுருவாக்கம் ரொம்ப கனம், ரீமேக் படத்துக்கு வேணா வச்சுக்கலாம். கர்நாடக சங்கீதத்துல பாடாந்தரம்னு அருமையான ஒரு சொல் இருக்கு. ஒரே கீர்த்தனையை ஒரு குரு வழியில வந்தவங்க ஒரு மாதிரி பாடுவாங்க, இன்னொரு வழியில வந்தவங்க வேற மாதிரி, இது செம்மங்குடி பாடாந்தரம்னு மரியாதையாவே சொல்லுவாங்க, தியாகராஜர் கீர்த்தனையை யார் பாடினாலும் சொந்தமா எழுதலையானு யாரும் கேக்குறதில்ல. ஆனா அது குருகிட்ட பாடம் கேட்டு வர்றது, ரெகார்ட் கேட்டு வளந்த ராக் பாடகருக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது.

என் தேர்வு மறுபாடல். மறுங்குறதுல திரும்பவும்ங்குற பொருளும் இருக்கு, மறுகரை மறுபக்கம்னு சொல்றப்போ வர்ற இன்னொண்ணுங்குற பொருளும் இருக்கு, நல்ல கவருக்கு ரெண்டும் வேணும். கவர் ஆல்பத்துக்கு மறுபாடல் தொகுப்பு. மெட்டை வச்சுக்கிட்டு வரியை மாத்தினா அதுக்கு நம்மகிட்ட பழைய பேரே இருக்கு, வர்ணமெட்டு. காவடி சமயத்துல இங்க சினிமா மெட்டுல முருகன் பாட்டு பாடுறோமே அது வர்ணமெட்டு, டோக்கன்ஸ் செஞ்சதையும் ஏறக்குறைய அதுலதான் சேக்கணும். இன்னொருத்தர் ரெகார்டையே எடுத்து வெட்டி ஒட்டினா அது ரீமிக்ஸ், மறுகலவைனு சொல்லலாம், அதை மறுபாடல்னு சொல்லக்கூடாது, புதுசா யாரும் பாடலையே.

இந்த அளவுல வச்சுப் பாத்தா ஸ்பிரிங்ஸ்டீனோட 2022 ஆல்பத்துல வர்ற 'டூ ஐ லவ் யூ' 1965ல ஃபிராங்க் வில்சன் பாடினதோட ரொம்ப ஒட்டிப்போகுது, மறுங்குறதோட ரெண்டு பொருள்ல திரும்பவும்ங்குறது மட்டும்தான் அதுல இருக்கு, பையன் சொன்னது அங்க நிக்குது. 'நைட்ஷிஃப்ட்' அப்படி இல்ல, 1985ல கமோடோர்ஸ் குழு செத்துப்போன மார்வின் கேயையும் ஜாக்கி வில்சனையும் நினைச்சு பாடினது, அதையே கூட வாசிச்ச நண்பர்களை பறிகொடுத்த ஒரு வயசான மனுஷன் பாடும்போது ஏக்கம் வேற இடத்துல போயி நிக்குது. மாமா அந்தப் பாட்டுல கண் கலங்கினது அதுக்குத்தான். ஸ்பிரிங்ஸ்டீன் மறுபாடல்ல முழுசா இறங்கினது 2006ல, பீட் சீகர் பாடின நாட்டுப்புறப் பாட்டுங்களை எடுத்து பிடிலும் பான்ஜோவும் ஊது வாத்தியமும் வச்சு பெரிய கூட்டமா வாசிச்ச 'வி ஷால் ஓவர்கம்' ஆல்பம். கேக்காதவங்க அதுல 'ஓ மேரி டோன்ட் யூ வீப்'லேர்ந்து ஆரம்பிங்க.