வயல் சேறு புண்ணுக்கு மருந்தல்ல

போன கிழமையும் ஒருவர் வந்தார். படுவான்கரைப் பக்கம் வயல் செய்பவர், சீனி வருத்தமும் இருக்கிறது. வரம்பு வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டிருக்கிறது. கழுவவில்லை. வயல் சேற்றையே அள்ளி அப்பி, பழைய சீலையால் கட்டியிருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் சேறு காய்ந்து சதையோடு ஒட்டிக் கிடக்கிறது, ஓரத்தால் சீழ் கசிகிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் மகன் போனைக் காட்டுகிறார்: "மண்ணில் இருக்கிற நல்ல பக்டீரியா கெட்டதைத் தின்னுமாம், டொக்டர்." இந்தப் பெரும்போகத்தில் இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை.

பக்டீரியாவைத் தின்னும் பக்டீரியா இருப்பது உண்மைதான். டெலோவிப்ரியோ என்று பெயர். பக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை மண்ணில் தேடிய ஜெர்மன் ஆய்வாளர் ஹைன்ஸ் ஸ்டோல்ப் 1962இல் தற்செயலாக இதைக் கண்டார். வேறொரு பக்டீரியாவின் வெளிச்சுவரைத் துளைத்து நுழைந்து, உள்ளிருந்தே தின்று, மூன்று நான்கு மணித்தியாலத்தில் பல குட்டிகளாக வெடித்து வெளிவரும். மண்ணிலும் நீரிலும் நுண்ணுயிர்க் கூட்டம் அளவோடு இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

அளவோடு என்றுதான் சொன்னேன். கொக்கு மீன் பிடிக்கிறது என்பதற்காக மட்டக்களப்பு வாவியில் மீன் தீர்ந்துவிடுகிறதா? இரை குறைந்தால் வேட்டையாடியும் குறையும், மிச்சமிருப்பவை மறுபடி பெருகும். புண்ணில் அந்த மிச்சமே போதும், ஆளைப் படுக்கையில் போட.

அடுத்தது, டெலோவிப்ரியோ எல்லாவற்றையும் தின்னாது. சாயம் ஏற்றிப் பார்த்து பக்டீரியாக்களை கிராம் நெகட்டிவ், கிராம் பொசிட்டிவ் என்று இரண்டு வகையாகப் பிரிப்போம்; அதன் இரை கிராம் நெகட்டிவ் வகை மட்டும்தான். ஏர்ப்புவலிக் (டெட்டனஸ்) கிருமி கிராம் பொசிட்டிவ். அதன் வித்துகள் மண்ணில் வருடக்கணக்காக உறங்கும். புண்ணில் சேறு அப்புவது அந்த வித்துகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலை. சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெபிலோகொக்கஸும் கிராம் பொசிட்டிவ்தான்.

கிராம் நெகட்டிவ் என்றாலும் நிம்மதி இல்லை. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பேர்க்கோல்டேரியா என்ற பக்டீரியா அந்த வகைதான், ஆனால் ஈர மண்ணில் நன்றாகவே வாழ்கிறது. மாரியில், வயலில் இறங்குபவர்களுக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, இது உயிர் எடுக்கும் நோய். நுரையீரலில் காய்ச்சலாக வரும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். காசநோய் என்று பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

போனில் சுற்றுகிற செய்தியின் வேர் 2016இல் வந்த ஓர் ஆய்வு என்று நினைக்கிறேன். ஷிகெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி தொற்றிய வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்கு டெலோவிப்ரியோவை ஊசியால் ஏற்றினார்கள், பல குஞ்சுகள் பிழைத்தன. நல்ல ஆய்வு. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு ஒரு நாள் இதிலிருந்து வழி பிறக்கலாம் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அது ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்த பக்டீரியா, வயல் சேறு இல்லை. மீன் குஞ்சின் வெள்ளணுக்களும் கூடவே சண்டை பிடித்தன. மனிதருக்கு இப்படி ஒரு சிகிச்சை இன்னும் வரவில்லை.

வெள்ளம் ஏறிய கிணற்றுக்கும் இதே நியாயத்தைச் சொல்கிறார்கள். தயவுசெய்து குளோரின் போடுங்கள், குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வையுங்கள்.

காயம் பட்டால் ஓடுகிற சுத்தமான தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஏர்ப்பூசி போட்டு எத்தனை வருடம் என்று யோசியுங்கள், நினைவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண் ஆறும்வரை வயலில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பூட்ஸ் போடுங்கள். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசையை விழுங்கிவிட்டு வராதீர்கள்: மெலியோய்டோசிஸ் கிருமி அதற்கு மசியாது, நாங்கள் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் உண்மையான காரணமும் மறைந்துபோகலாம். காய்ச்சல் என்று வந்தால் வயலில் இறங்கியதை நீங்களாகவே சொல்லுங்கள், நாங்கள் கேட்க மறந்தாலும்.

மெலியோய்டோசிஸ் என்று உறுதியானால் ஊசி மருந்து குறைந்தது பத்து நாள், அதன் பிறகு குளிசை மூன்று மாதமாவது. காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்திவிட்டு அறுவடைக்குப் போகிறார்கள். அம்மா, ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மூன்று மாதமும் போடுங்கள். பாதியில் விட்டால் அதே நோய் திரும்பி வரும்.