மார்பளவு வெதுநீரில் வலி எப்படித் தளர்கிறது

சேலத்தில் ஒருவருக்கு உடம்பில் எங்கே வலி என்பதை அவர் செய்யும் வேலையை வைத்தே பாதி சொல்லிவிடலாம். குழித்தறியில் வருடக்கணக்கில் மிதி மிதித்தவருக்கு இடுப்பும் முட்டியும். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சம்மணமிட்டு, குனிந்த தலை நிமிராமல் கண்ணி கோப்பவருக்குக் கழுத்தும் தோளும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த மூட்டையோடு சரிவில் இறங்கும் பெண்களுக்கு முட்டியும் முதுகும். இப்படித் தொடங்கும் வலி மூன்று மாதத்தைத் தாண்டியும் போகாவிட்டால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள்.

இந்த வலியின் கொடுமை அது நம்மைக் கொண்டுபோய்விடும் சுழல்தான். வலிக்கிறதே என்று அசைவைக் குறைக்கிறோம். அசையாத தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது. தாங்க வேண்டிய தசை மெலிந்துவிட்டதால் அடுத்த முறை எழுந்து நடக்கும்போது முன்பைவிட அதிகம் வலிக்கிறது. அதனால் இன்னும் குறைவாக நடக்கிறோம். உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவர் சொல்வது சரியான ஆலோசனைதான். ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதற்கே பல்லைக் கடிக்கிறவர் எந்தப் பயிற்சியை, எப்படித் தொடங்குவார்? வெதுநீர்ப் பயிற்சி இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. சுமார் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில், மார்பளவு ஆழத்தில், இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் நடப்பது, குந்துவது, கைகால் வீசுவது. இவ்வளவுதான் சிகிச்சை.

இதில் முதல் வேலை மிதப்பு விசையுடையது. உடல் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை உடலை மேலே தள்ளும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. 60 கிலோ எடையுள்ள ஓர் அம்மா இடுப்பளவு நீரில் நின்றால் பாதத்தில் இறங்கும் சுமை சுமார் பாதி, அதாவது 30 கிலோ. மார்பளவுக்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 20 கிலோ. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு, 6 கிலோ. தரையில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டு உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் குறைவின் அருமை புரியும். ஆழத்தைக் கூட்டிக் குறைத்தாலே மூட்டுக்குக் கொடுக்கும் சுமையை மாற்றிவிடலாம். முதல் வாரம் மார்பளவில் நடந்தவர் சில வாரம் கழித்து இடுப்பளவுக்கு வரலாம். தரையில் இப்படி எடையைக் கழற்றி வைக்க எளிய வழியில்லை.

தோள் இறுகியவருக்கு இன்னும் பெரிய உதவி உண்டு. காற்றில் கையைத் தூக்க வேண்டுமானால் கையின் எடையைத் தோள் தசைதான் சுமக்க வேண்டும். கழுத்தளவு நீரில் கையைத் தளர விட்டால் அது தானாகவே மேலே எழும். தலைமுடி வாரக்கூடக் கை உயராதவர், நீருக்குள் தன் கை தோள் உயரத்துக்கு வருவதைப் பார்க்கிறார். அந்தக் கோணத்தை உடல் பழக இது நல்ல தொடக்கம்.

சரி, சுமையைக் குறைத்துவிட்டால் தசை எப்படி வலுக்கும்? அதற்குத்தான் நீரின் தடை இருக்கிறது. நீரின் அடர்த்தி காற்றைப்போல சுமார் 800 மடங்கு. அதற்குள் காலை வீசினால் நீர் எதிர்க்கிறது, வேகம் கூடக்கூட எதிர்ப்பும் ஏறுகிறது. இரண்டு மடங்கு வேகமாக வீசினால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. மெதுவாகச் செய்தால் சுமை மிகக் குறைவு. ஆக, எவ்வளவு சுமை வேண்டும் என்பதைப் பயிற்சி செய்பவரே நொடிக்கு நொடி முடிவு செய்கிறார். சுருக்கென்று வலித்தால் நிறுத்த வேண்டியதுதான், நிறுத்திய கணமே தடையும் காணாமல் போகும். கையில் இரும்பு டம்பெல் இருந்தால் நிறுத்தினாலும் அது கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. தரையில் எடையை இறக்கும்போதும் படி இறங்கும்போதும் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல வலிப்பதற்கு முக்கியக் காரணம் இவ்வகை வேலைதான். நீருக்குள் காலை முன்னே வீசினால் முன்தொடை தள்ளுகிறது, பின்னே இழுத்தால் பின்தொடை தள்ளுகிறது. இரண்டு பக்கமும் தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது, நீண்டபடி தாங்கும் வேலை மிகக் குறைவு. அதனால் மறுநாள் வலியும் குறைவு. நாள்பட்ட வலி உள்ளவர் ஒரு பயிற்சியைத் தொடர்வாரா, விட்டுவிடுவாரா என்பதை அந்த மறுநாள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எனவே இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

அடுத்தது அழுத்தம். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம் கூடுகிறது. 1.2 மீட்டர் நீரில் நிற்பவரின் பாதத்தைச் சுற்றிச் சுமார் 88. இரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்லும் கீழ் எண் 80 என்றால், அதைவிட இது அதிகம். கணுக்காலில் தேங்கிய வீக்க நீரும் கால் இரத்தக் குழாய்களில் நிற்கும் இரத்தமும் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. கழுத்தளவு நீரில் நிற்கும்போது சுமார் 700 மில்லிலிட்டர் இரத்தம் மார்புப் பகுதிக்கு நகர்கிறது. ஆரோக்கியமான இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக இரத்தத்தை வெளியேற்றி இதைச் சமாளித்துவிடும். பலவீனமான இதயத்துக்கு இது ஆபத்து. மூச்சு வாங்கும் இதய நோய் உள்ளவர் மருத்துவரிடம் கேட்காமல் குளத்தில் இறங்கவே கூடாது. இன்னொன்று, மார்புக்கு இரத்தம் கூடியதும் உடலில் நீர் அதிகமாகிவிட்டதாகச் சிறுநீரகத்துக்குச் செய்தி போகிறது, அதனால் சிறுநீர் அதிகம் பிரியும். நீருக்குள் நின்றாலும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இனி சூடு. வலி என்றால் நம் வீடுகளில் நொச்சித்தழை போட்டுக் கொதிக்கவைத்து, பொறுக்கும் அளவுக்குச் சுடச்சுட ஊற்றுவதுதான் வழக்கம். சும்மா ஊற்றிக்கொள்ள அது இதமானதுதான். ஆனால் பயிற்சிக் குளத்தில் அந்தச் சூடு கூடாது. காரணம் வியர்வை. சித்திரை வெயிலில் சேலத்தில் காற்று 39, 40 டிகிரிக்குப் போனாலும் நாம் நடமாட முடிகிறது, ஏனெனில் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. நீருக்குள் வியர்வை ஆவியாக வழியே இல்லை. தசை வேலை செய்து உண்டாக்கும் வெப்பம் தோல் வழியே நீருக்குத்தான் போயாக வேண்டும். நீர் தோலைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் போகாது, உடல் உள்ளேயே சூடேறும், இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். சித்திரை மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் வெந்நீர் இந்தப் பயிற்சிக்குச் சூடு அதிகம்.

மறுபக்கம், போட்டி நீச்சல் குளத்தின் 25 முதல் 28 டிகிரி நீர் வேகமாக நீந்துபவருக்குச் சரி. மெதுவாக நடப்பவருக்கு அது குளிர். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் சில நிமிடத்தில் உடல் நடுங்கி, தளர வேண்டிய தசை இறுகிவிடும். தோலின் வெப்பநிலையை ஒட்டிய 33, 34 டிகிரியில்தான் உடல் குளிரையும் உணர்வதில்லை, சூட்டையும் உணர்வதில்லை. தசையின் பிடிப்பு தளர்ந்து, அசைவு எளிதாகிறது.

இதுவரை சொன்னது தசையும் மூட்டும். வலி உணரப்படுவது மூளையில். 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தொடுதலைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் வேகமானவை, நொடிக்குப் பல பத்து மீட்டர். மந்தமான, நீடித்த வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் போகும். இரண்டும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, அங்கே ஒரு கதவு இருப்பதாகக் கொள்ளலாம், தொடுதலின் செய்தி நிறைய வந்தால் வலியின் செய்திக்குக் கதவு ஓரளவு சாத்தப்படும் என்றார்கள். அதன் நுட்பங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. இடித்துக்கொண்ட இடத்தைக் கை தானாகத் தேய்ப்பதும் இதனால்தான். நீருக்குள் உடல் முழுக்க, இடைவிடாமல், நீர் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

நாள்பட்ட வலியில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கும். வலிச் செய்தி மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. திருவிழா மைக் செட்டில் சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்ததுபோல, மெல்லப் பேசியதும் அலறலாகக் கேட்கும். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதால் வலி பொய் என்று வீட்டார் நினைப்பது பெரும் அநியாயம், வலி முழுக்க உண்மை. இந்த நிலையை மாற்ற, அசைவு ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலத்துக்குத் திரும்பத் திரும்ப அனுபவமாகக் காட்ட வேண்டும். விழுந்தாலும் மெதுவாகவே விழும் நீருக்குள், பயம் குறைந்த உடல் அந்த அனுபவத்தைச் சேர்க்கிறது.

ஆதாரம் என்ன? முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றி 2016-இல் 13 ஆய்வுகள், 1190 பேரை வைத்து, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, பயிற்சி முடிந்த உடனே வலியும் இயலாமையும் சிறிதளவு குறைவதாகச் சொல்கிறது. சிறிதளவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றிச் சீனாவில் 113 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு முறை, மூன்று மாதம் நீர்ப் பயிற்சி. மற்றொரு குழுவுக்கு மின் தூண்டலும் அகச்சிவப்புக் கதிர்ச் சூடும், நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அதே வகை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் நீர்ப் பயிற்சி செய்தவர்களே நன்றாக இருந்தார்கள். படுத்துக்கொண்டு சூடு வாங்குவதைவிட, நோயாளி தானே அசைந்தது அதிகம் பலன் தந்திருக்கிறது. வெதுநீரில் சும்மா ஊறுவதும் அன்றைக்கு இதம்தான். பல மாதம் தாங்குவது தசை பெற்ற வலுவும் உடல் பெற்ற நம்பிக்கையும். போலியோவால் கால் செயலிழந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1924-இல் ஜார்ஜியாவின் வெதுநீர் ஊற்றுக் குளத்தில் இறங்கியபோது தரையில் முடியாத அசைவுகள் அங்கே முடிந்தன. கால் குணமாகவில்லை, உடல் வலுப்பெற்றது.

ஒரு வகுப்பு 45 நிமிடம் போல. முதலில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல நடை. அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், அரைக் குந்து, கால் வீச்சு. கையின் விளிம்பால் நீரை வெட்டினால் தடை குறைவு, உள்ளங்கையை விரித்துத் தள்ளினால் அதிகம். கடைசியில் மீண்டும் மெல்ல நடை. படியேறி வெளியே வரும்போது எடை முழுக்கத் திரும்பிவிடுவதால் கால் ஈயமாகக் கனக்கும், இரத்த அழுத்தமும் சற்று இறங்கும். பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகே நடக்க வேண்டும். ஏற்காட்டின் குளிர்காற்றில் ஈர உடையோடு நின்றால் தளர்ந்த தசை மறுபடி இறுகிவிடும். திறந்த புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் பாதத்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே இறங்க வேண்டும்.

பெண்கள் இதற்கு வருவதில்லை என்று குறை சொல்வதற்கு முன்னால், தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் மறைவான உடை மாற்றும் அறையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேலையின் மடிப்பு நீரில் விரிந்து காலைச் சுற்றும். பருத்திச் சுடிதாரும் மேலே ஒரு டி-சர்ட்டும் போதும்.

இப்படி ஒரு குளத்தைச் சூடாக்கும் செலவு பற்றியும் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 14,400 லிட்டர். சேலத்துச் சமவெளியில் நீர் 27 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு 34-க்கு ஏற்ற, சுமார் 117 யூனிட் வெப்பம் வேண்டும். ஏற்காட்டில் 20 டிகிரியிலிருந்து ஏற்றினால் இரட்டிப்பு. ஆகவே மலையடிவாரத்தில், வெயில் காயும் ஊரில் குளம் கட்டுவதே சிக்கனம். பகலில் மாடியில் சூரியத் தகடுகள் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும். வெதுநீரில் கிருமி வேகமாகப் பெருகும், குளோரினும் சீக்கிரம் தீரும் என்பதால் தினமும் சோதிக்க வேண்டும். குளத்திலிருந்து வெப்பம் அதிகம் போவது மேற்பரப்பு ஆவியாவதால்தான், இரவில் ஒரு விரிப்பைப் போட்டு மூடினால் அதில் பெரும்பகுதி மிச்சமாகும்.