இளங்கொடியைத் தொட்ட கை யாருடையது?

மாரி தொடங்கியிருந்த ஒரு காலையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், ஏழாம் மாதத்தில் கரு விழுந்த பசுவொன்றை மிருக வைத்தியராகப் பார்க்கப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. வெளியே தொங்கிய இளங்கொடியை (பசுவின் நச்சுக்கொடியை) அந்த வீட்டு மகள் முழங்கைவரை கையை விட்டு இழுத்தெடுத்து, வைக்கோலோடு சேர்த்து யூரியாப் பையொன்றில் கட்டி, ஆலமரத்தில் தூக்குவதற்காகக் கொட்டில் ஓரத்தில் வைத்திருந்தார். அவரும் அப்போது ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. வெறுங்கையால் ஏன் தொட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு அவருடைய தாயார்தான் பதில் சொன்னார்: “அது லட்சுமிட கொடி, மகள். அதுக்கென்ன துடக்கு?”

பால் வடியும் மரத்தில் கட்டினால் மடியிலும் பால் ஊறும் என்பதே ஆலமரத்தில் தூக்குவதன் நோக்கம். எங்கள் வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்கு 31 நாள் துடக்கு, அதாவது தீட்டு, உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்களைப் பட்டிப் பக்கமே போகவிடாத வீடுகளையும் கண்டிருக்கிறேன். பெண்ணின் உடலிலிருந்து வருவது விலக்குக்குரியதாகவும், பசுவின் உடலிலிருந்து வருவது செல்வமாகவும், ஆகவே வெறுங்கையால் தொடத் தக்கதாகவும் வகுக்கப்பட்டிருக்கிறது. இருக்க வேண்டிய இடம் தவறிய பொருளே அழுக்கு என்று பிரித்தானிய மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் விளக்கினார். எது இடம் தவறியது என்பதை ஊர் தீர்மானிக்கிறது. புரூசெல்லா என்ற பக்டீரியா அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

அந்தக் கிருமியால் வரும் புரூசெல்லோசிஸ் நோய் தொற்றிய பசு பெரும்பாலும் சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கருவை இழக்கும். விழுந்த கருவிலும் பனிக்குட நீரிலும் இளங்கொடியிலும் கிருமி மிக அதிகமாக இருக்கும். தோலிலுள்ள சிறு கீறல், கண், மூச்சு, காய்ச்சாத பால் ஆகிய எந்த வழியாலும் அது மனிதருக்குள் வந்துவிடும். மோல்டாத் தீவில் காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் உடலில் பிரித்தானியப் படை மருத்துவர் டேவிட் புரூஸ் 1887இல் இக்கிருமியின் ஓர் இனத்தைக் கண்டார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று அத்தீவின் மருத்துவர் தெமிஸ்டொக்ளிஸ் சமிட் 1905இல் கண்டறியும்வரை நுளம்பு முதல் சாக்கடைவரை எல்லாவற்றின்மேலும் சந்தேகம் இருந்தது.

பிள்ளைத்தாய்ச்சி, கன்றுத்தாய்ச்சி என்று பெண்ணையும் பசுவையும் எங்கள் பேச்சு ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. பசுவின் சினைக்காலமும் ஏறத்தாழ 280 நாள் என்பதால், பட்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் இரண்டு வயிறுகளுக்கும் ஒரே கணக்கில் நாள் எண்ணுவார்கள். (எருமைக்கு இன்னுமொரு மாதம் கூட்டிக்கொள்ள வேண்டும்.) உடலுக்குள் ஒரு வேறுபாடு இருக்கிறது: பசுவின் இளங்கொடியில் எரித்ரிட்டோல் என்ற பொருள் நிறைய உண்டு, அதை உண்டு கிருமி அங்கே வேகமாகப் பெருகும், பெண்ணின் நச்சுக்கொடியில் அது மிகக் குறைவு. அதனால் கர்ப்பிணிகளுக்குப் பயமில்லை என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் கர்ப்ப காலத்தில் இந்நோய் கண்ட பெண்களிடம் கருச்சிதைவும் குறைமாதப் பிறப்பும் பதிவாகியிருக்கின்றன. ஆண்களுக்கு விதை வீங்கி, சிலவேளை பிள்ளைப்பேற்றுத் திறனே குறையலாம். ஆனாலும் பிள்ளையில்லாத வீட்டில் ‘மலடு’ என்ற சொல், பட்டியில் பசுவின் மேல் விழுவதைப் போலவே, வீட்டில் பெண்ணின் மேல்தான் விழுகிறது. நாம்பனையோ (காளையையோ) கணவரையோ யாரும் முதலில் பரிசோதிக்கச் சொல்வதில்லை.

நான் நிரப்பும் படிவத்தில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரே வரும். இது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது. மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது; வீடும் வயலும் மகளுக்குச் சீதனமாகப் போவது; தாய்வழி வம்சத்தையே ‘வயிற்றுவார்’ என்று வயிற்றின் பெயரால் அழைத்தவர்கள் நாங்கள். சீதனமாக வந்த பசு அவளுடையது, அதன் கன்றுகளும் அவளுடையவை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் என்று அழைத்தால் மட்டும் கணவரே கதிரையில் வந்து அமர்வார். பெண்கள் வந்தாலும், ஆண்கள் நடுவே பசுவின் கருப்பையைப் பற்றி நான் கேட்கும் கேள்வி தங்கள் உடலைப் பற்றிக் கேட்டதுபோல அவர்களைத் தலைகுனிய வைக்கிறது. இப்போது கூட்டங்களைக் குறைத்துவிட்டு, காலையில் பால் கொண்டுவந்து ஊற்றும் இடத்தில் நின்று பேசுகிறேன்.

அந்த மகளுக்கு ஆறு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது; மாலையில் ஏறி, இரவில் உடுப்பு நனைய வியர்த்து, காலையில் இறங்கும். இடுப்பு நோவைப் பிள்ளை வயிற்றின் நோவு என்றார்கள். டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் பார்த்தார்கள். நுளம்பைப் பற்றியும் வயலைப் பற்றியும் கேட்டார்கள். மாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவருடைய கணக்கில் அது காய்ச்சலோடு சேராத நல்ல காரியம். தாயார் தற்செயலாக என்னிடம் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் உரிய இரத்தப் பரிசோதனை நடந்தது. ஆறு வாரம் மருந்து. வழக்கமாகத் தரும் டொக்சிசைக்கிளின் கர்ப்பிணிக்கு ஆகாது என்பதால் வேறு மருந்து. பிள்ளை சுகமாகப் பிறந்தது. பிழையில் எனக்கும் பங்குண்டு: அன்று பசுவின் இரத்தத்தைக் கவனமாக எடுத்துக் குப்பியில் பெயர் ஒட்டிய நான், பக்கத்தில் நின்றவரை வைத்தியரிடம் போய் இதைச் சொல்லும்படி அனுப்பவில்லை. மிருக வைத்தியம் படித்த எனக்கு மனித உடல் எல்லைக்கு வெளியே இருந்தது.

இந்நோய்க்குப் பசுவைக் குணப்படுத்தும் நடைமுறைச் சிகிச்சை இல்லை. நோயுள்ளதை அகற்ற வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. லட்சுமியை வெட்டக் கொடுக்க எந்த வீடு சம்மதிக்கும்? மனம் ஒப்பாதவர்கள் விலை குறைத்து வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள், கிருமி அடுத்த ஊர்ப் பட்டிக்குப் போய்ச் சேர்கிறது. பெண் கன்றுகளுக்கு மூன்று முதல் எட்டு மாத வயதுக்குள் எஸ் 19 தடுப்பூசி போடுவதும், பாலைப் பொங்கக் காய்ச்சுவதும், கரு விழுந்த இடத்துக்குக் கர்ப்பிணிகளை விடாமல் இருப்பதும், கையுறை இல்லையென்றால் தடித்த பொலித்தீன் பையையாவது கையில் மாட்டுவதும் எங்களால் இன்றே முடிந்தவை.

‘மாட்டுக்கும் துடக்கு உண்டென்று சொல்லுங்கள், உடனே கேட்பார்கள்’ என்று சக வைத்தியர் ஒருவர் ஆலோசனை சொன்னார். கேட்பார்கள்தான். ஆனால் பெண்களை ஒதுக்கிவைக்கும் ஒரு சொல்லுக்கு அரசாங்க முத்திரை குத்திக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மரத்தில் தூக்கிய பையை நாயும் காகமும் கிழித்து வளவெல்லாம் இழுத்துப்போடும். ஆகவே அன்று அந்தத் தாயாரிடம், அதே ஆலமரத்தின் அடியில், நாய் கிளற முடியாத ஆழத்தில், சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவோமா என்று கேட்டேன். மரத்தை அண்ணாந்து பார்த்துச் சற்று யோசித்தார். “வேருக்குப் போனாலும் பால் மரத்துக்குத்தானே போகுது” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டி எடுக்க மருமகனைக் கூப்பிட்டார்.