ஹை-ஃபை என்றால் ‘உயர்தர ஒலி’ அல்ல

வீட்டு ஒலிக்கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ‘ஹை-ஃபை’ என்ற சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை ஓயாமல் புழங்குகிறார்கள். ஒன்று ‘உயர் நம்பகத்தன்மை’. மற்றொன்று ‘உயர்தர ஒலி’. முதலாவது பிழை என்பது படித்தவுடனே உறுத்தும். அதனால் பெரிய கேடு இல்லை. இரண்டாவது சரிபோலவே தோன்றும். வாங்குபவரைத் தவறான பெட்டியின் முன்னால் கொண்டு நிறுத்துவது அதுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீன் ‘ஃபிடெஸ்’ என்றால் நம்பிக்கை, பற்றுறுதி. அதன் வழியில் வந்த ‘ஃபிடெலிட்டி’ ஒன்றுக்கு உண்மையாக இருப்பதைக் குறிக்கும். ‘ஹை ஃபிடெலிட்டி’ என்ற தொடரை 1927இல் தாமே உருவாக்கியதாக ஹெச். ஏ. ஹார்ட்லி என்ற ஆங்கிலப் பொறியாளர் உரிமை கொண்டாடினார். 1948க்குப் பிறகு எல்.பி. இசைத்தட்டுகள் பரவியபோது அது ‘ஹை-ஃபை’ என்று சுருங்கிப் பொதுச்சொல்லானது. ‘வை-ஃபை’ இதன் ஓசையைப் பின்பற்றி 1999இல் வைக்கப்பட்ட வணிகப் பெயர். அதிலுள்ள ‘ஃபை’க்குத் தனிப்பொருள் கிடையாது.

எதற்கு உண்மையாக இருப்பது? பதிவுக்கு. பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் காதுக்குச் சேர்ப்பது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் நடத்திய குவாட் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் விளம்பர வாசகம், மூல ஒலியை மிக நெருங்கி வருவது எங்கள் கருவி என்பதுதான். ‘சிறந்த ஒலி’ என்றோ ‘இனிய ஒலி’ என்றோ அவர்கள் சொல்லவில்லை. மூலம், அதற்கு நெருக்கம்: சொல்லின் முழுப்பொருளும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது.

‘நம்பகத்தன்மை’ இதைச் சொல்வதில்லை. பழுதாகாமல் உழைக்கும் வண்டிக்கும், பொய் எழுதாத செய்தித்தாளுக்கும் உரிய சொல் அது. பத்தாண்டுகள் ஒருநாள்கூட நிற்காமல் கரகரக்கும் வானொலிப்பெட்டி நம்பகமானது, ஹை-ஃபை ஆகாது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பால் வந்த வினை.

‘உயர்தர ஒலி’ வந்த வழி வேறு. நம் பேச்சு வழக்கில் ‘ஹைஃபை’ என்றால் பகட்டு, வசதி. ‘ஹைஃபையான ஹோட்டல்’, ‘ஹைஃபையான குடும்பம்’ என்று ஒலிக்கருவியைத் தொட்டே பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். அந்த வழக்கிலிருந்தே மொழிபெயர்ப்பாளர்களும் பொருளை எடுத்துக்கொள்கிறார்கள். ‘உயர்தரம்’ என்று எழுதியதும் படிப்பவர் மனத்தில் விலைப்பட்டியல் ஒன்று விரிகிறது: மேலே போகப் போகத் தரம், கீழே வர வர மலிவு. ஜெர்மானியர்கள் ஹை-ஃபைக்கு ‘டின் 45500’ என்று ஒரு தர அளவையே வகுத்தார்கள். எந்த அதிர்வெண் முதல் எதுவரை ஒலிக்க வேண்டும், எவ்வளவு திரிபு வரை பொறுக்கலாம் என்பவைதான் அதில் பேச்சு. விலை அதன் அளவுகோலில் இல்லை.

விலைக்கும் ஹை-ஃபைக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்று காட்டியதே என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்ளிஃபயரின் புகழ். எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்து 1978இல் வந்தது. இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 வாட், அலங்காரமில்லாத சாம்பல் நிற முகம், எளிய விலை. தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள ஸ்பீக்கர்களையும் அது தடுமாறாமல் இயக்கியது. இன்றும் பழையது தேடி வாங்குகிறார்கள். ‘உயர்தர ஒலிக்கருவி’ என்று எழுதினால் இந்தப் பெட்டி அதற்குள் வராது. ‘மலிவு ரகம்’ என்று எழுதினால் அது செய்த வேலைக்கு நீதியாகாது.

பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ இன்னொரு சான்று. உயரம் சுமார் 30 செ.மீ. மட்டுமே உள்ள சிறு ஸ்பீக்கர். பேசுபவரின் குரல் அவர் குரலாகவே கேட்கிறதா என்று வண்டிக்குள் உட்கார்ந்து கண்டுகொள்வதற்கான கருவி. விருந்தாளியை அசத்த அதைச் செய்யவில்லை.

இத்தகைய கருவிகளை வாங்கியவர்கள் சொல்வதைக் கவனித்தால் சொல்லின் பொருள் தானே விளங்கும். முதல் நாள் ஏமாற்றம்தான் மிஞ்சும்: “பாஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை, விறுவிறுப்பு இல்லை.” சில வாரங்கள் கழித்து அதே ஆள் வேறுவிதமாகப் பேசுவார். ஒரு மிருதங்கத் தனியை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலிகளைச் செயற்கையாக ஏற்றிக் காட்டும் பெட்டியில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் எல்லா அடியும் ஒரே ‘தொம்’ ஆகிவிடும். ஹை-ஃபை கருவியில் இடக்கை அழுத்தி இழுக்கும்போது கும்கி என்ற நாதம் மேலேறும் வளைவு தனியாகக் கேட்கும்; வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழுந்து அடங்கும் நேரமும் கேட்கும். வாசித்தவர் கையில் இருந்தது அது. பெட்டி புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

தூய தமிழில் ஆர்வமுள்ளவர்கள் ‘மெய்யொலி’ என்று சொல்லிப் பார்க்கிறார்கள். அவர்களுடைய நோக்கத்தை மதிக்கிறேன். சொல்லை ஏற்க மாட்டேன். மெய்யொலி என்றால் க், ங், ச். மொழியியலில் ஊன்றிவிட்ட கலைச்சொல்லைப் பிடுங்கி ஸ்பீக்கருக்குச் சூட்டினால் இரண்டு துறையும் குழம்பும். தமிழ் வேரிலிருந்து வந்தது என்பது மட்டும் ஒரு சொல்லுக்குத் தகுதியாகாது. அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொருவர் குடியிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

‘துல்லிய ஒலி’ இதைவிட மேல். வடமொழி ‘துல்ய’ என்றால் ஒப்பானது. வேரைப் பார்த்தால் கச்சிதம். ஆனால் இன்றைய தமிழில் துல்லியம் கூர்மையையும் தெளிவையும் குறிக்கிறது. மேல் ஸ்தாயியைத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கர்தான் கடையில் கேட்கும் ஐந்து நிமிடத்துக்குத் துல்லியமாகத் தோன்றும். வீட்டுக்கு வந்தபின் காது வலிக்கும்.

நமக்கு வேண்டிய சொல் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. சொற்கள் புணரும்போது விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ஓர் எழுத்து தோன்றுகிறது. பொற்குடத்தில் ஒன்று திரிகிறது. மரவேரில் ஒன்று கெடுகிறது. பொன்மலையில் எதுவும் மாறவில்லை, அது இயல்பு. ஒலிக்கருவிக்கு இந்த நான்கும் அப்படியே பொருந்தும். பதிவில் இல்லாத மின் ரீங்காரம் சேர்வது தோன்றல். அளவுக்கு மீறிக் கூட்டும்போது அலையின் முகடு வெட்டுப்பட்டுக் கரகரப்பது திரிதல். சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலிகள் விழுந்துபோவது கெடுதல். மேலே சொன்ன எல்.எஸ். 3/5ஏயிலும் இந்தக் கெடுதல் உண்டு. மூன்றும் இயன்றவரை இல்லாதது இயல்பு. ஆகவே ஹை-ஃபைக்கு நான் எழுதும் சொல் ‘இயல்பொலி’. இயல்பொலிக் கருவி, இயல்பொலிப் பெட்டி என்று தடையில்லாமல் ஓடும்.

‘ஹை-எண்ட்’ வேறு சொல், வேறு பொருள். அது சந்தையின் மேல்முனை. அதற்கு ‘உயர்தரம்’ என்றோ ‘மேல்தட்டு’ என்றோ எழுதிக்கொள்ளலாம், எனக்குத் தடையில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், குறைந்த விலையில் இயல்பொலி கிடைத்ததாக ஒருவர் மகிழ்ந்து எழுதுவதைத் தமிழில் சொல்லவே முடியாமல் போகிறது. ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் சேர்த்து ‘ஒலிபெருக்கி’ என்று எழுதுவதும் இதே நோய்தான். பெருக்குவது ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மின்னலையை ஒலியாக்குகிறது. “ஒலிபெருக்கியை ஒலிபெருக்கியுடன் இணைக்கவும்” என்ற வாசகத்தை வைத்துக்கொண்டு யாரால் கம்பியைச் செருக முடியும்?

இயல்பொலி என்றால் இனிமையான, இயற்கையான ஒலி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். இயல்பு பதிவின் இயல்பு. கேட்பவரின் விருப்பம் அல்ல. பாடகரின் மூச்சு பதிவில் முரட்டுத்தனமாக விழுந்திருந்தால் இயல்பொலிக் கருவி அதையும் முரட்டுத்தனமாகவே தரும். அப்படித் தந்த கருவியை வாங்கியவர் குறை சொன்னால், அந்தக் குறையைப் பதிவின் கணக்கில்தான் எழுத வேண்டும்.