நட்புமுறை ஆட்டம்: சொல் விளக்கம்

2012 ஆகஸ்ட் கடைசியில் கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்து அணி சென்னை நேரு விளையாட்டரங்கில் சுங்கத்துறை அணியுடன் ஓர் ஆட்டம் ஆடியது. அதற்குக் கோப்பையும் இல்லை, அடுத்த சுற்றும் இல்லை. ஆனால் சில நாட்களிலேயே முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது. ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்த அரங்கப் பொறுப்பு அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். வேறொரு பள்ளியின் போட்டியில் ஆட இரத்தினபுரியிலிருந்து வந்திருந்த மாணவர்களைத் திருப்பி அனுப்பவும் உத்தரவு போனது. ஈழப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கைக்கு எதிராகப் பொருளாதாரத் தடை கோரி சட்டமன்றம் 2011 ஜூனில் தீர்மானம் போட்டிருந்தது. இலங்கை விமானப்படையினருக்குத் தாம்பரத்தில் பயிற்சி தருவதை எதிர்த்து அந்தக் கோடையில்தான் தமிழகம் கொதித்திருந்தது. அந்தச் சூட்டில் பள்ளி மாணவர்களின் கால்பந்தும் மாட்டிக்கொண்டது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதைப் பள்ளிப் பையன்கள் மேல் இறக்கியது எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை.

இப்படிப்பட்ட ஆட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஃபிரெண்ட்லி’ என்பார்கள். தமிழில் நட்பு ஆட்டம், நட்புறவுப் போட்டி, நட்புமுறை ஆட்டம், சிநேகபூர்வப் போட்டி என்று பல பெயர்களில் புழங்குகிறது. இவற்றுள் எது பொருத்தம் என்று பார்க்கும் முன், பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எந்தப் போட்டித்தொடரிலும் சேராமல், இரு தரப்பும் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டு ஆடும் ஆட்டம் நட்புமுறை ஆட்டம். இரு தரப்புக்கும் நட்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் எங்கும் இல்லை. முடிவு எந்தப் போட்டித்தொடரின் அட்டவணையிலும் ஏறாது என்பதே அதன் இலக்கணம். நாடுகளுக்கிடையிலான ஆட்டமாக இருந்தால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தரவரிசையில் மட்டும் சிறிது கணக்கு உண்டு. 2018-இல் கொண்டுவந்த கணக்கீட்டின்படி, ஃபிஃபா ஒதுக்கிய சர்வதேச நாட்களில் ஆடினால் புள்ளிக் கணக்கில் இதன் எடை 10, மற்ற நாட்களில் ஆடினால் 5. உலகக் கோப்பைக் காலிறுதியின் எடை 60. பயிற்சியாளர்கள் புதியவர்களை இறக்கிப் பார்ப்பதும் இங்கேதான். 2003 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் இடைவேளையில் பதினொரு பேரையும் மாற்றி இறக்கினார். இங்கிலாந்து 3–1 என்று தோற்றது. இப்படியே போனால் டிக்கெட் வாங்கியவன் எதைப் பார்ப்பான் என்ற கேள்வி எழுந்து, மறு ஆண்டே ஃபிஃபா மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது.

சொல்லின் பிறப்பு இங்கிலாந்தில். ‘நட்பான’ என்ற பெயரடை ‘ஆட்டம்’ என்ற பெயரோடு சேர்ந்து வழங்கி, நாளடைவில் பெயரை உதிர்த்துவிட்டுத் தானே பெயராக நின்றுவிட்டது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை தொடங்கியது 1871-இல், லீக் ஆட்டங்கள் 1888-இல். அதற்கு முன் ஆடியவை பெரும்பாலும் இன்றைய கணக்கில் நட்புமுறை ஆட்டங்களே. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடி 0–0 என்று முடித்த முதல் சர்வதேச ஆட்டமும் அப்படித்தான். கோப்பையும் லீக்கும் வந்த பிறகே அவற்றுக்கு வெளியே நிற்பதைத் தனியாகச் சுட்டப் பெயர் தேவைப்பட்டது. ஆகவே இந்தச் சொல் உறவைக் குறிக்கப் பிறந்ததல்ல, ‘கோப்பைக்கு அல்ல, புள்ளிக்கு அல்ல’ என்று விலக்கிச் சொல்லப் பிறந்தது.

மற்ற மொழிகள் பெரும்பாலும் அந்த நட்பை அப்படியே எடுத்துக்கொண்டன. ஸ்பானியத்தில் ‘அமிஸ்தோசோ’, இத்தாலியத்தில் ‘அமிகேவொலே’, ஜெர்மனில் ‘ஃபிராய்ண்ட்ஷாஃப்ட்ஸ்ஷ்பீல்’. அரபு மொழிச் சொல்லின் வேர் ‘வுத்’, அதாவது அன்பு. ரஷ்யர்கள் ‘தவாரிஷெஸ்கி மாட்ச்’ என்கிறார்கள். தவாரிஷ் என்றால் தோழர், ஆகவே அது தோழமை ஆட்டம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும் ரஷ்யாவைத் தம் போட்டிகளிலிருந்து விலக்கின. அதன் பிறகு அந்த அணிக்கு மிஞ்சியது தோழமை ஆட்டங்களே. கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், ஈரான், ஈராக், கியூபா, செர்பியா என்று ஆடிய நாடுகளின் வரிசையைப் பார்த்தாலே மாஸ்கோவோடு யார் இன்னும் பேச்சு வார்த்தை வைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும். போஸ்னியாவும் 2022 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வர ஒப்புக்கொண்டது. அந்த அணியின் மூத்த ஆட்டக்காரர்கள் ஜெக்கோவும் பியானிச்சும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஆட்டம் நடக்கவில்லை.

அரசியல் இந்த வகை ஆட்டத்தை இவ்வளவு எளிதில் பிடித்துக்கொள்வது ஏன்? காரணம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. போட்டித்தொடரில் ஆட மறுத்தால் விலை கொடுக்க வேண்டும். 1973-இல் சிலியில் பினோசேயின் ராணுவப் புரட்சிக்குப் பின் சாந்தியாகோவின் தேசிய அரங்கு கைதிகளை அடைத்துவைக்கும் முகாமாக இருந்தது. அங்கே உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஆட மாட்டோம் என்று சோவியத் ஒன்றியம் மறுத்தது. ஃபிஃபா இடத்தை மாற்றவில்லை. நவம்பர் 21 அன்று எதிரணியே இல்லாத மைதானத்தில் சிலி ஆட்டக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே போய் வெற்றுக் கோலுக்குள் போட்டார்கள். சோவியத் அணி 1974 உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை இழந்தது. நட்புமுறை ஆட்டத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது இரண்டு சங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தம், அவ்வளவுதான். ரத்து செய்தால் பணம் போகும், ஒளிபரப்பாளர் முகம் சுளிப்பார், டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். கோப்பை போகாது. ஓர் அரசு தன் கோபத்தையோ நல்லெண்ணத்தையோ காட்ட இதைவிட மலிவான இடம் கிடைக்காது.

2017 நவம்பரில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நடந்தது இதற்கு நல்ல சான்று. நான்காம் நிலையான தென்மேற்கு வட்டார லீக்கில் அந்தப் பருவத்தில் 19 அணிகள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்ததால் ஒவ்வொரு வாரமும் ஓர் அணிக்கு ஓய்வு. அந்த ஓய்வு அணியுடன் சீனாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி ஆடலாம், முடிவு கணக்கில் சேராது, கிளப்புக்கு 15,000 யூரோ கிடைக்கும் என்று ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் ஏற்பாடு செய்தது. மூன்று கிளப்புகள் பணமே வேண்டாம் என்றன. முதல் ஆட்டம் ஷாட் மைன்ஸ் அணியுடன். சில நூறு பார்வையாளர்களே வந்திருந்த சிறிய மைதானம். முதல் பாதியில் சிலர் திபெத் கொடிகளை விரித்துத் தொங்கவிட்டார்கள். சீன ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் எல்லாரும் காத்திருந்தார்கள். கொடிகள் இறங்கிய பிறகே ஆட்டம் தொடர்ந்தது. மைன்ஸ் 3–0 என்று வென்றது. ஜெர்மனியில் கருத்துரிமை உண்டு, கொடியைத் தடைசெய்ய முடியாது என்றது அந்நாட்டுச் சங்கம். விருந்தாளிக்கு மரியாதை வேண்டும் என்றது பெய்ஜிங். அடுத்த ஆட்டத்துக்கு முன்பே தொடர் நிறுத்தப்பட்டது. பிறகு அது உயிர்பெறவே இல்லை.

சீன மொழியிலும் இதன் பெயர் நட்பு ஆட்டம்தான். 1971-இல் மேஜைப் பந்து மூலம் அமெரிக்காவோடு உறவைத் திறந்த காலத்தில் ‘நட்பு முதலில், போட்டி அடுத்தது’ என்பது அங்கே அரசு முழக்கம். அதே நாடு 2024-இல் அர்ஜென்டினாவின் இரண்டு நட்பு ஆட்டங்களை ரத்து செய்தது. பிப்ரவரி 4 அன்று ஹாங்காங்கில் அமெரிக்க கிளப்பான இன்டர் மியாமி அணிக்காக அர்ஜென்டினா நட்சத்திரம் மெஸ்ஸி காயம் காரணமாகக் களமிறங்கவில்லை. மூன்றே நாளில் டோக்கியோவில் இறங்கி ஆடினார். ஜப்பானுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா என்று சீனா கொதித்தது. ‘எல்லோரும் அறிந்த காரணங்களால்’ நைஜீரியாவுடனான ஆட்டத்துக்கு இனி வாய்ப்பில்லை என்று ஹாங்சோ நகர விளையாட்டுத் துறை அறிவித்தது. பெய்ஜிங்கில் ஐவரி கோஸ்டுடன் நடக்க இருந்ததும் போயிற்று. அர்ஜென்டினா அந்த மார்ச்சில் அமெரிக்காவில் எல் சால்வடாரோடும் கோஸ்டா ரிக்காவோடும் ஆடிக்கொண்டது. ஒருவரின் தொடைத் தசை இரு நாட்டு விவகாரமாக மாறுவதைப் பார்த்தால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

எல்லா ரத்தும் இப்படி அற்பமானதல்ல. 2018 ஜூன் 9 அன்று இஸ்ரேலும் அர்ஜென்டினாவும் ஹைஃபாவில் ஆடுவதாக இருந்தது. ஆட்டத்தை ஜெருசலேமுக்கு மாற்றினார்கள். அமெரிக்கா தன் தூதரகத்தை அதே நகருக்கு மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதிய இடமான டெடி அரங்கு இருப்பது மல்ஹாவில், 1948-இல் பாலஸ்தீனர்கள் வெளியேற நேர்ந்த ஊர் இருந்த பகுதியில். பார்சிலோனாவில் பயிற்சியில் இருந்த அர்ஜென்டினா அணியின் முன்னால், சிவப்புச் சாயம் தெளித்த அர்ஜென்டினாச் சட்டைகளோடு ஆர்ப்பாட்டக்காரர்கள் நின்றார்கள். மெஸ்ஸியின் சட்டைகளை எரியுங்கள் என்றார் பாலஸ்தீனக் கால்பந்துச் சங்கத் தலைவர் ஜிப்ரில் ரஜூப். ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன் அர்ஜென்டினா விலகியது. இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அர்ஜென்டினா அதிபரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியும் பயனில்லை. ரஜூபுக்கு ஃபிஃபா பன்னிரண்டு மாதத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. ஹைஃபாவிலேயே விட்டிருந்தால் ஆட்டம் நடந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். இடத்தை மாற்றியவர்கள்தான் முதலில் அரசியலைக் கொண்டுவந்தார்கள்.

2022-இல் வான்கூவரில் நடக்க இருந்த கனடா–ஈரான் ஆட்டம் இன்னும் நேரடியானது. 2020 ஜனவரியில் தெஹ்ரான் அருகே ஈரானிய ஏவுகணைகள் வீழ்த்திய உக்ரைன் பயணிகள் விமானத்தில் 176 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கனடாவாசிகள். அந்தக் குடும்பங்கள் எதிர்த்தன, பிரதமர் ட்ரூடோவும் அது நல்ல யோசனை இல்லை என்றார், ஆட்டம் ரத்தானது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய் ‘இது வெறும் விளையாட்டுதானே’ என்று யாரால் சொல்ல முடியும்?

நடந்த ஆட்டம் ரத்தான ஆட்டத்தைவிட மோசமாகவும் அமையலாம். 1938 மே 14 அன்று, ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கி இரண்டு மாதம் ஆன நிலையில், பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கையை உயர்த்தி நாஜி வணக்கம் செலுத்தினார்கள். அதை விரும்பியது அவர்களுடைய சொந்த நாட்டுத் தூதர். இங்கிலாந்து 6–3 என்று வென்றது. இன்று நினைவில் நிற்பது அந்தப் புகைப்படம்தான், ஆறு கோல்கள் அல்ல.

இனி தமிழ்ச் சொல். நட்பு என்பதன் வேர் ‘நள்’. நள்ளுதல் என்றால் நெருங்கிச் சேர்தல், நட்புக்கொள்ளுதல். பகைவரை ‘நள்ளார்’ என்பது பழைய வழக்கு, அதாவது சேராதவர். நள்ளாரோடும் ஆடக்கூடிய ஆட்டத்துக்கு வெறும் ‘நட்பு ஆட்டம்’ என்று பெயர் வைத்தால், இல்லாத உறவை இருப்பதாகச் சொல்லிவிடுகிறோம். ‘நட்புறவு’ என்றால் இன்னும் மோசம், தூதரக அறிக்கையின் வாசனை அடிக்கிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘சிநேகபூர்வ’ கேட்க இனிமையானது, அங்கே வேரூன்றியது, யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ‘பூர்வமாக’ என்பது மனம் ஒன்றிச் செய்வதைத்தான் சுட்டும்.

‘நட்புமுறை’ இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. முறை என்பது வழக்கம், ஒழுங்கு. நட்பின் முறைப்படி ஆடுகிறோம் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. மனத்தில் என்ன இருக்கிறது என்பது சொல்லுக்கு வெளியே நிற்கிறது. அடுத்த பாதியில் ‘போட்டி’ வேண்டாம், ‘ஆட்டம்’ போதும். போட்டித்தொடருக்கு வெளியே நிற்பதுதான் இதன் அடையாளம் என்றிருக்க, பெயரிலேயே போட்டியைச் சேர்ப்பது முரண். ‘பயிற்சி ஆட்டம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதற்குப் பொருந்தும், டிக்கெட் விற்று நாட்டுப்பண் இசைத்து ஆடுவதற்குப் பொருந்தாது. ‘காட்சி ஆட்டம்’ என்பது நட்சத்திரங்களை வரவழைத்துக் கூட்டம் சேர்ப்பதற்கு. ஹாங்காங்கில் மெஸ்ஸி ஆடாமல் உட்கார்ந்திருந்த ஆட்டத்தை அப்படி அழைப்பதுதான் நியாயம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. ரத்து என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே நிற்பது. தேதி தள்ளிப்போனால் ஒத்திவைப்பு. மைன்ஸில் நடந்தது இடைநிறுத்தம், ஏனென்றால் ஆட்டம் பிறகு தொடர்ந்தது. 1995 பிப்ரவரி 15 அன்று டப்ளினில் அயர்லாந்து 1–0 என்று முன்னிலையில் இருந்தபோது, இங்கிலாந்து ரசிகர்களிடையே இருந்த தீவிர வலதுசாரிகள் மேல்தளத்திலிருந்து இருக்கைகளைப் பெயர்த்துக் கீழே எறிந்தார்கள். 27 நிமிடத்தோடு நடுவர் எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டார், ஆட்டம் மீண்டும் தொடங்கவில்லை. அதற்குரிய சொல் ‘கைவிடப்பட்ட நட்புமுறை ஆட்டம்’.