வெள்ள நிவாரணம்: எதற்கு எவ்வளவு, அதற்கு எதை எடுத்து வைக்க வேண்டும்

அக்டோபர் பிறந்துவிட்டால் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பிக்கும்: மெழுகுவத்தி, பிஸ்கட், டார்ச், பவர் பேங்க், பால் பவுடர். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு அரசிடம் எதைக் கேட்கலாம், அதற்கு என்ன ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியல்களில் வருவதே இல்லை. பிஸ்கட்டை யாராவது படகில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், நனைந்துபோன பட்டாவை யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'நிவாரணம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கிறது. ஒன்று, முதலமைச்சர் அறிவித்து ரேஷன் கடையில் டோக்கன் போட்டுக் கொடுப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் 6,000 ரூபாய், அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்துக்கு நெல்லை, தூத்துக்குடியில் மோசமாகப் பாதித்த வட்டங்களில் 6,000, 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000. இது ஒவ்வொரு முறையும் மாறும், அறிவித்தால்தான் உண்டு.

இன்னொன்று, 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருவது. இதில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநில அரசு. எந்த இழப்புக்கு எவ்வளவு என்று மத்திய உள்துறை அமைச்சகம் விதிமுறை போட்டு வைத்திருக்கிறது, மாநிலம் விரும்பினால் தன் பணத்தில் கூட்டிக் கொடுக்கலாம். ரேஷன் கடையில் 2,000 வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து இந்த இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

தொகைகளைப் பார்ப்போம். இவை 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிமுறையில் இருப்பவை, புது விதிமுறை வரும்போது மாறும். உயிரிழப்புக்கு 4 லட்சம், தமிழ்நாட்டில் மிக்ஜாமுக்கு இதை 5 லட்சமாக்கிக் கொடுத்தார்கள். மீட்பு வேலையில் இறங்கி இறந்தவருக்கும் இது உண்டு என்று விதியிலேயே இருக்கிறது, தன்னார்வலராகப் போகிறவர்களின் வீட்டாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000, அதற்குக் குறைவென்றால் 5,400. கான்கிரீட் வீடு முழுதாகப் போனால் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். பகுதிச் சேதத்துக்கு வெறும் 6,500, அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதம் இருக்க வேண்டும். குடிசைக்கு 8,000, ஃபெஞ்சலின்போது மாநில அரசு 10,000 கொடுத்தது. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. பாசனப் பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ போயிருந்தால் ஹெக்டேருக்கு 17,000, அதாவது ஏக்கருக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போட்ட செலவில் கால்வாசிகூடத் தேறாது, உண்மைதான். அதனால்தான் பயிர்க் காப்பீடு தனியாக இருக்க வேண்டும், அது வேறு கணக்கு, நிவாரணம் வாங்கினால் காப்பீடு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுச் சேதத்துக்கான பணம் உரிமையாளருக்கு. ஆனால் வீடு அடித்துப் போனாலோ இரண்டு நாளைக்கு மேல் மூழ்கிக் கிடந்தாலோ துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என்று ஒரு குடும்பத்துக்கு இருக்கிறதே, அது அங்கே குடியிருக்கும் குடும்பத்துக்கானது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று பயப்பட வேண்டியதில்லை. அந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்று காட்டக் குடும்ப அட்டையோ கேஸ் புக்கோ வாடகை ஒப்பந்தமோ ஏதாவது ஒன்று இருந்தால் பேச முடியும்.

இனி நடைமுறை. தண்ணீர் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர், அதாவது நம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளரோடு வந்து கணக்கெடுப்பார், பட்டியல் வட்டாட்சியருக்குப் போகும். சிக்கல் என்னவென்றால், அவர்கள் வருவதற்குள் நாம் வீட்டைக் கழுவிவிட்டிருப்போம். சேற்றோடு யாரும் காத்திருக்க முடியாது, அதனால் கழுவுவதற்கு முன்னால் படம் எடுத்துவிட வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, கதவு எண் தெரியும்படி, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி. அப்புறம் கெட்டுப்போன கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ். செத்த மாட்டை அவசரத்தில் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று கொடுத்த பிறகு புதையுங்கள், காது வில்லை எண் படத்தில் தெரியட்டும். பட்டியலில் பெயர் ஏறியதா என்று வி.ஏ.ஓ.விடம் நேரில் கேளுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியருக்கு மனு, அதற்கும் அசையவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஆகவே வெள்ளத்துக்கு முன்னாலேயே தயாராக எடுத்து வைக்கும் பையில் என்ன வைப்பது? குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மாற்றுத்திறனாளி சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், தினம் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை இன்னொரு கவரில் போட்டு, பரணில் அல்ல, ஓடும்போது கை எட்டும் இடத்தில் வையுங்கள். போனிலும் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ளும் அரசு செயலியான டிஜிலாக்கர் இருந்தால் நல்லது, ஆனால் டவர் போனால் அதுவும் போய்விடும். மீதி எல்லாருக்கும் தெரிந்ததே: மூன்று நாளைக்குக் குடிநீர், குளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., நாப்கின், சில்லறையாகக் கொஞ்சம் பணம். ஜிபே வேலை செய்யாத ஊரில் 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை யாரிடமும் இருக்காது.

முகாமுக்குப் போக வேண்டிவந்தால், அங்கேயும் உரிமை என்று சில உண்டு. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தரங்களின்படி ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. ஒரே பள்ளிக்கூடத்தில் ஊரையே அடைக்கும்போது இது எங்கே நடக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனாலும் எண்ணைச் சொல்லிக் கேட்டால் அதிகாரி ஒரு டேங்கர் லாரியாவது கூடுதலாக வரவழைப்பார். அதே ஆவணத்தில் இன்னொன்று: பேரிடரில் கணவனை இழந்த பெண்ணுக்கு மாவட்ட நிர்வாகம் 15 நாளுக்குள் அதற்கான சான்று தர வேண்டும், 45 நாளுக்குள் நிதியுதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் அப்படியே. இதைப் பிடித்துக்கொண்டு அந்தக் குடும்பத்துக்காக அலைய ஓர் ஆள் வேண்டும், சாவு வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நிலைமை இருக்காது.

உதவி செய்யப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பழைய துணி மூட்டைகளை அனுப்பாதீர்கள், அது தெருவோரம் நனைந்து கிடக்கும். புதுப் போர்வை, உள்ளாடை, நாப்கின், துடைப்பம், பிளீச்சிங் பவுடர், கொசுவத்தி அனுப்பலாம். போவதற்கு முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் போன் செய்து எந்த ஊரில் எது இல்லை என்று கேளுங்கள், மாநில அறைக்கு 1070. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரிலேயே பத்து வண்டி சாப்பாடு இறங்கி, உள்ளே இருக்கும் காலனிக்கு ஒன்றும் போகாமல் இருப்பது ஒவ்வொரு வெள்ளத்திலும் நடக்கிறது. கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் பேனாவும் வெள்ளைத்தாளும் போனுமாக அந்தக் காலனியில் ஒரு நாள் உட்கார்ந்து, வீடு வீடாகப் படம் எடுத்து மனு எழுதிக் கொடுத்தால், பத்து வண்டி சாப்பாட்டைவிடப் பெரிய உதவி.

எழுதும்போது இருப்பதை மட்டும் எழுதுங்கள். பொய்யான இழப்பைக் காட்டி நிவாரணம் கேட்டால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. ஒரு பொய் மனு சிக்கினால் அந்தத் தெருவின் மற்ற மனுக்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.