தேவகோட்டை ஏன் சம்மதிக்க வேண்டும்?

அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் நடக்கும்போது காரைக்குடியில் பொழுது விடிந்திருக்கும். காலையில் கூடைப்பந்து ஆட வரும் பிள்ளைகள் கைப்பேசியில் என்.பி.ஏ. (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி) ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே போடும் திட்டம் அநேகமாக ஒன்றுதான்: “அண்ணே, பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரைக் கொடுத்துட்டு அந்த சென்டரைத் தூக்கிட்டா கப்பு நமக்குத்தாண்ணே!” இதில் எப்போதும் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. அந்த சென்டரை, அதாவது கூடைக்கு அருகில் நின்று ஆடும் உயரமான ஆட்டக்காரரை, வைத்திருப்பவர்கள் எதற்காகக் கொடுக்க வேண்டும்? டிரேட் எனப்படும் வீரர் பரிமாற்றம் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. அப்போது ஜடேஜாவின் தொகை 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. என்.பி.ஏ.வில் இப்படிக் குறைக்க வழி கிடையாது. வீரர் எந்த அணிக்குப் போனாலும் எழுதிய ஒப்பந்தம் எழுதியபடியே கூடப் போகும். சம்பளமும் மிச்சமிருக்கும் வருடங்களும் புது அணியின் கணக்கில் ஏறும். வீரரின் சம்மதமும் தேவையில்லை. டிரேட்டை மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே வாங்கி வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அதனால் ஆட்டத்திறனைப் பார்ப்பதற்கு முன்பே சம்பளத்தைப் பார்த்தாக வேண்டும்.

2025–26 பருவத்தில் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 15.46 கோடி டாலர். இதைத் தாண்டவே கூடாது என்றில்லை. சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்ளத் தாண்டலாம். பெரும்பாலான அணிகள் தாண்டித்தான் இருக்கின்றன. ஆனால் தாண்டியபின் வெளியிலிருந்து பெரிய சம்பளக்காரரை நேரே கூப்பிட்டு ஒப்பந்தம் போட முடியாது. டிரேட்தான் வழி, அதிலும் அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறையப் பொருந்த வேண்டும். உச்சவரம்புக்கும் மேலே ஏப்ரன் என்று இரண்டு கோடுகள் உண்டு. 19.59 கோடியில் இருக்கும் முதல் கோட்டைத் தாண்டிய அணி, அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்கக் கூடாது. 20.78 கோடியில் இருக்கும் இரண்டாவதைத் தாண்டினால், இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்கவே முடியாது. என்.பி.ஏ.வும் வீரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்தில் வந்த இந்த இரண்டாவது கோடு பணக்கார முதலாளிகளின் கையை நன்றாகவே கட்டிவிட்டது. எனக்கு இது நல்ல விதியாகத்தான் படுகிறது. பணத்தை மட்டும் கொட்டிக் கோப்பை வாங்கும் பழக்கத்துக்கு இது கறாரான வரம்பு.

இப்போது காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் என்.பி.ஏ. அணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரைக்குடி வலுவான அணி, முதல் கோட்டைத் தாண்டியிருக்கிறது, நல்ல சென்டர் இல்லை. தேவகோட்டை கடைசி இடங்களில் கிடக்கிறது. அவர்களிடம் 32 வயது சென்டர் இருக்கிறார், வருடம் 3 கோடி டாலர், இன்னும் மூன்று வருட ஒப்பந்தம். காரைக்குடி 2.4 கோடி வாங்கும் ஒரு கார்டையும் (பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரர்), 60 லட்சம் வாங்கும் 21 வயதுப் பையன் ஒருவனையும் கொடுக்கிறது. கூட்டினால் சரியாக 3 கோடி. விதிப்படி செல்லும். இரண்டாவது கோட்டைத் தாண்டியிருந்தால் இதே யோசனை அந்த இடத்திலேயே செத்திருக்கும்.

விதிப்படி செல்வது பாதி வேலைதான். அந்த சென்டர் 82 ஆட்டங்களில் ஓர் அணிக்குக் கூடுதலாக ஐந்தாறு வெற்றிகள் தருவார் என்று கொள்வோம். 46லிருந்து 52க்கு ஏறும் காரைக்குடிக்கு அது கோப்பைக்கான பாதை. 15லிருந்து 20க்கு ஏறும் தேவகோட்டைக்கு அதில் நஷ்டம்கூட உண்டு. 2019இல் வந்த விதிப்படி, கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகளுக்குத்தான் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இடம் கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு. மேலே போகப் போக அது குறையும். (குலுக்கல் குலுக்கல்தான்: 2025இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு நின்ற டல்லாஸுக்கு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார்.) ஆக, ஒரே ஆள், ஒரே திறமை, இரண்டு ஊர்களில் இரண்டு மதிப்பு. இந்த இடைவெளி இல்லாவிட்டால் எந்த டிரேட்டும் நடக்காது.

தேவகோட்டை பார்ப்பதும் நாம் பார்ப்பதும் வேறு. 2.4 கோடி கார்டின் ஆட்டம் அவர்களுக்கு முக்கியமில்லை. அவருடைய ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது என்றால் அடுத்த கோடையில் சம்பளக் கணக்கில் அவ்வளவு இடம் காலியாகும், அதுதான் வேண்டும். பையன் வளரக்கூடும். ஆனால் அவர்கள் உண்மையில் கேட்கப்போவது டிராஃப்ட் பிக், அதாவது காரைக்குடி வருங்காலத்தில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறை.

வட்டிக் கணக்கு எழுதிப் பழகிய செட்டிநாட்டுக்கு ஒன்றைச் சொல்லவே வேண்டியதில்லை: ஐந்து வருடம் கழித்து வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்கு ஈடாகாது. பிக்கையும் முதலில் அப்படித்தான் தள்ளுபடி செய்து மதிப்பிடுவார்கள். ஆனால் பிக்கில் வேறொரு குணம் இருக்கிறது. கொடுத்த அணி தேய்ந்தால் அதன் மதிப்பு ஏறும். 2013இல் புரூக்ளின் இதைக் கவனிக்கத் தவறியது. 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து வாங்க 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் (இரண்டு அணிகளின் பிக்குகளில் மேலானதைப் பாஸ்டன் எடுத்துக்கொள்ளலாம்) கொடுத்தது. வாங்கிய வீரர்கள் வயதானவர்கள், சீக்கிரம் ஓய்வார்கள். ஓய்ந்தால் அணி சரியும். சரிந்தால், கொடுத்துவிட்ட பிக் உச்சத்துக்குப் போகும். நடந்ததும் அதுவே. 2016 பிக் மூன்றாவது இடத்தில் வந்து ஜெய்லன் பிரவுன் ஆனது. 2017இல் கைமாறிய இடம் முதலாவதாகவே வந்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, மூன்றாவது இடத்தோடு இன்னொரு பிக்கும் வாங்கி, ஜெய்சன் டேட்டமை எடுத்தது. அந்த இருவரோடும் பாஸ்டன் 2024இல் கோப்பை வென்றது.

இப்படித் தங்கள் வருங்காலத்தையே அணிகள் விற்றுத் தீர்க்காமலிருக்க ஒரு விதி உண்டு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் அணியை வைத்திருந்த டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் விதி: வருங்காலத்தில் தொடர்ந்து இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்று பிக் இல்லாமல் ஓர் அணி நிற்கக் கூடாது. ஏழு வருடங்களுக்கு அப்பாலும் கொடுக்க முடியாது. அதனால் இடைப்பட்ட வருடங்களுக்கு இடம் மாற்றும் உரிமையைக் கொடுக்கிறார்கள். “முதல் நான்குக்குள் விழுந்தால் தரமாட்டோம்” என்று காப்பு வைத்தும் கொடுப்பதுண்டு.

ரசிகர்களின் யோசனைகள் ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கின்றன என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் குவளையைக் கொடுத்துவிட்டு விலை கேட்டார்கள். கையில் குவளை இருந்தவர்கள் சொன்ன விலை, இல்லாதவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த குவளைக்கே அப்படி என்றால், பல பருவங்களாகப் பார்த்து வளர்த்த “நம்ம பையனுக்கு” எவ்வளவு கூடும்!

இனி, தேவகோட்டைக்கு அந்த கார்டே வேண்டாம், பள்ளத்தூருக்கு வேண்டும் என்றால்? மூன்றாவது அணி உள்ளே வருகிறது. இதற்கான கணிதத்தை ஷேப்லியும் ஸ்கார்ஃபும் 1974இல் எழுதினார்கள். வழிமுறை டேவிட் கேல் சொன்னது. ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் பிடித்த பொருளை வைத்திருப்பவரைக் கை காட்ட வேண்டும். காட்டிய கையைப் பிடித்துக்கொண்டே போனால், ஆட்கள் எண்ணிக்கை முடிவுள்ளது என்பதால் எங்கோ ஓரிடத்தில் வட்டம் விழுந்தே தீரும். வட்டத்தில் இருப்பவர்கள் மாற்றிக்கொண்டு விலகுவார்கள். மீதிப் பேர் மறுபடி கை காட்டுவார்கள். மனைவியின் சிறுநீரகம் கணவருக்குப் பொருந்தாதபோது, அதே நிலையில் இருக்கும் வேறு தம்பதிகளோடு மாற்றிக்கொள்ளும் திட்டங்களுக்கும் இந்த வழிமுறை வழிகாட்டியது. ஷேப்லிக்கும், அந்தத் திட்டங்களை வகுத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் கிடைத்தது. இந்தத் துறையிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமான கணக்கு இதுதான்.

என்.பி.ஏ.வில் யாரும் வெளிப்படையாகக் கை காட்டுவதில்லை. தொலைபேசியில் தடவித்தான் வட்டத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், உதவிக்கு வரும் அணி கூலி கேட்கிறது. 2025 பிப்ரவரியில் லூகா டோன்சிச் லேக்கர்ஸுக்கும் ஆண்டனி டேவிஸ் டல்லாஸுக்கும் மாறியபோது, இடையில் நின்று ஓர் இளம் வீரரின் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட யூட்டாவுக்கு இரண்டாம் சுற்று பிக் இரண்டு கிடைத்தன. பேசி முடித்தாலும் மருத்துவப் பரிசோதனை பாக்கி. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாமல் போகும் சந்தைகளின் ஆபத்தை ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் விளக்கினார். பரிசோதனை அதற்கான மருந்து. அதே மாதம் மார்க் வில்லியம்ஸுக்காக லேக்கர்ஸ் செய்த டிரேட் பரிசோதனைக்குப் பிறகு ரத்தானது.

காரைக்குடி 2029 பிக்கைச் சேர்த்துக் கொடுத்தால் தேவகோட்டை உடனே சரி என்று சொல்லாது. “2029இல் நீங்கள் இன்னும் வலுவாகத்தான் இருப்பீர்கள், அந்த பிக் கடைசியில் வரும். 2031ஐக் காப்பில்லாமல் கொடுங்கள்” என்பார்கள். சென்டருக்கு அப்போது 37, 38 ஆகியிருக்கும். சரிவு அங்கேதான் இருக்கும் என்று அவர்கள் கணிப்பது சரியே. காரைக்குடி மேனேஜர் நாற்காலியில் நான் இருந்தால் 2031ஐக் கொடுப்பேன், முதல் நான்குக்குக் காப்பு வைத்து. அதற்கு ஈடாக 2030இல் இடம் மாற்றும் உரிமையையும் தருவேன். காப்பே கூடாது என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால் போனை வைத்துவிட்டு வேறு சென்டரைத் தேடுவேன்.